பக்கம் திருப்பாத வாசிப்பு

சிங்கப்பூரில் நான் வேலை செய்யும் இடத்தில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி தோண்டினாலும், சுற்றி வேலி போட்டு, நான்கு மொழிகளில் பலகை மாட்டிவிட்டுத்தான் அடுத்த வேலையைத் தொட விடுவார்கள். ஆங்கிலம், சீனம், மலாய், கடைசி வரியில் தமிழ். ‘அபாயம். உள்ளே வராதீர்கள்.’ ஒன்பது வருடமாகத் தினமும் பார்க்கிறேன். இன்னும் பழகவில்லை. கடல் தாண்டி வந்த ஊரில், என் உயிரைப் பற்றி யாரோ கவலைப்பட்டு என் மொழியில் எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டிவிட்டு அப்படியே விட்டுப்போன பள்ளங்களில் பனைமரம் மூழ்கும் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. ஆடு ஓட்டிப்போகும் பிள்ளைகள் அதில் இறங்கிக் குளிக்கும். ஒரு பலகை கிடையாது. சரி, பலகை வைத்தால் மட்டும் என்ன? படிக்கச் சொல்லிக் கொடுத்தீர்களா?

கோபமாகத்தான் எழுதுகிறேன். ஊரில் இருந்து இதைப் படிப்பவர்கள் மன்னித்துக் கொள்ளுங்கள். என்னைப்போல் பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள் மன்னிக்க வேண்டாம், கடைசிவரை படியுங்கள்.

என் மகள் கனிஷ்கா நாலாம் வகுப்பு. என் மனைவி ரேவதியோடு குரும்பலூரில் இருக்கிறாள். தனியார் பள்ளி, இங்கிலீஷ் மீடியம், காலையில் வாசலுக்கே மஞ்சள் வேன் வரும். போன வருடம் ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு வீடியோ வந்தது. கனிஷ்கா ஒரு கதைப் புத்தகத்தை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, ஒரு விரலை வரிக்கு அடியில் நகர்த்தி, கடகடவென்று இங்கிலீஷில் வாசிக்கிறாள். கீழே ‘எங்கள் மாணவர்கள் சரளமாக வாசிக்கிறார்கள்’ என்று பூப்போட்ட எழுத்து ஓடியது. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஒரு வார்த்தை புரியவில்லை. புரியாததால்தான் பெருமை இன்னும் கூடிப்போனது. நான் தங்கியிருக்கும் தொழிலாளர் டோர்மில் ஒரு அறைக்குப் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பேருக்கும் காட்டினேன். குளித்துவிட்டு வந்தவனை ஈரத்தலையோடு நிறுத்திக் காட்டினேன். சமையல்கூடத்தில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த பக்கத்து அறைக்காரனுக்கும் காட்டினேன்.

எங்கள் அறையில் சுதாகர் என்று ஒரு பையன். ரெட்டிபாளையத்துக்காரன். அப்பா சிமெண்ட் ஆலையில் மூட்டை அடுக்கியவர். இவன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வந்தவன். வாய் சும்மா இருக்காது. அவன் வீடியோவை இரண்டு தடவை பார்த்தான். மூன்றாவது தடவையும் பார்த்தான்.

“என்னடா, மனப்பாடம் பண்றியா?” என்றேன்.

“நான் பண்ணல அண்ணே. உங்க பொண்ணு பண்ணியிருக்கு.”

“என்ன சொல்ற?”

“கோவிச்சுக்காதீங்க. இவ்ளோ நேரம் படிக்குது. ஒரு வாட்டியாவது பக்கத்தத் திருப்புச்சா பாருங்க.”

பார்த்தேன். திருப்பவில்லை. பெரிய பெரிய எழுத்தில் நாலு வரி இருக்கிற பக்கம். விரல் நாலாவது வரியின் முடிவுக்கு வந்து, மறுபடி முதல் வரிக்குப் போய், மறுபடி கீழே வந்து, கதை மட்டும் முன்னால் ஓடிக்கொண்டே இருக்கிறது. யானை, கிணறு, மழை என்று சுதாகர் அர்த்தம் சொன்னான். பக்கத்தில் இருந்த படத்தில் கிணறும் இல்லை, மழையும் இல்லை. அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். “விடுண்ணே, ஓஹோன்னு வரும். அரசியல்ல விட்டுரு” என்றான் ஒருவன். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன்.

நான் எதையும் மூன்று முறை பார்க்காமல் விடாத ஆள். சாரத்தில் ஏறும்போது இடுப்புக் கொக்கியை மாட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பேன், மறுபடி இழுப்பேன், நாலு படி ஏறிவிட்டு இன்னொரு முறை தொட்டுப் பார்ப்பேன். ஊரில் கேஸ் மூடியாச்சா என்று இங்கிருந்து போன் போடுவேன். அப்படிப்பட்ட நான் என் மகளுக்கு எழுத்து தெரியுமா என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. வேன் வருகிறது, யூனிபார்ம் இருக்கிறது, ரேங்க் கார்டில் எல்லாப் பாடத்துக்கும் ‘ஏ’ போட்டிருக்கிறது. இதற்குமேல் பார்க்க என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் வீடியோ காலில் கூப்பிட்டேன். இங்கே ஏழரை மணி என்றால் அங்கே ஐந்து. ரேவதியை அடுப்படியிலிருந்து மஞ்சள் தூள் பாக்கெட்டை எடுத்துவரச் சொன்னேன். “பாப்பா, இதுல என்ன எழுதியிருக்கு?” படத்தைப் பார்த்தாள். “மஞ்சத்தூள்!” “ரேவதி, படத்தக் கையால மூடு. கீழ சின்னதா தமிழ்ல இருக்குல்ல, அதப் படிக்கச் சொல்லு.” கனிஷ்கா பாக்கெட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அப்புறம் அப்படியே அசையாமல் நின்றுவிட்டாள். வாய் கொஞ்சம் திறந்தபடி, கண் இமைக்காமல். நெட்வொர்க் போனால் படம் உறைந்துபோகுமே, அந்த மாதிரி.

நானும் முதலில் நெட்வொர்க் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவள் தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

எட்டு வயதுப் பிள்ளை. படிக்கத் தெரியாததை மறைக்கப் படம் நின்றுபோன மாதிரி நடிக்கக் கற்றிருக்கிறது. எந்த வகுப்பில் இந்தப் பாடம் எடுத்தார்கள்? “நெட் போயிடுச்சு போல” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அவள் நடிப்பை நான் நம்பியதாக அவள் நினைத்துக்கொள்ளட்டும் என்று தோன்றியது. அந்த நடிப்பு எனக்குத் தெரியும். அவளுக்கு முன்னால் நானும் அதைச் செய்தவன்.

நான் படித்தது பாடாலூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊர்ப் பள்ளி. எங்கள் வகுப்பில் எழுத்துக்கூட்டத் தெரியாதவர்கள் ஐந்து பேர். அதிகாரி ஆய்வுக்கு வரும் நாளுக்கு முதல் நாள் வாத்தியார் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, “நாளைக்கு நீங்க அஞ்சு பேரும் லீவுடா” என்பார். ஊரே அறிந்த வழக்கம் அது. நாங்களும் குதித்துக்கொண்டு ஓடுவோம். ஏழாம் வகுப்பில் ஒருமுறை அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். வாத்தியார் பதறிப்போய் எங்கள் ஐந்து பேரையும் சத்துணவுக் கூடத்தில் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார வைத்து, சத்தம் வரக் கூடாது என்று விரலைக் காட்டிவிட்டுப் போனார். சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் வகுப்பு பாடம் வாசித்தது. “நல்லா படிக்கிறாங்களே, எல்லாருமே படிக்கிறாங்களே” என்று அதிகாரி சொன்னது எனக்குக் கேட்டது. அந்த ‘எல்லாருமே’யில் நான் இல்லை. மறுநாள் நான் போகவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டு யாரும் வரவுமில்லை.

அப்புறம் காட்டு வேலை. எங்கள் பக்கம் மானாவாரி நிலத்தைக் காடு என்போம். பதினேழு வயதில் ஒருவருடைய பருத்திக்கு மருந்தடிக்கப் போனேன். மோட்டார் கொட்டகையில் இரண்டு பாட்டில் இருந்தன. புழு மருந்துக்குப் பச்சை மூடி என்று எனக்கு அடையாளம். அந்த வருடம் மூடியை மாற்றிவிட்டார்கள் போல. பச்சை மூடி போட்ட களைக்கொல்லியைக் கலந்து ஒரு காடு முழுக்க அடித்துவிட்டு, வேலை சுத்தமாக முடிந்தது என்று வீட்டுக்கு வந்து தூங்கினேன். நாலாம் நாள் காடு கருகி நின்றது. காட்டுக்காரர் பாட்டிலை என் முகத்துக்கு நேரே ஆட்டினார். “மூடியப் பாத்தாடா மருந்தடிப்ப? இங்க எழுதியிருக்குல்ல, கண்ணு தெரியலயா?” கண் தெரிந்தது. அதுதான் கேவலம். என் அப்பா அவர் காலில் விழுந்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான் எழுத்தைக் கற்றது இங்கே வந்த பிறகு. வேலைக்கு முன்னால் சேஃப்டி பரீட்சை. படம் போட்ட தமிழ்ப் புத்தகம் கொடுத்தார்கள். தேறாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில், அப்போது கூட இருந்த ஒருவரை வாசிக்கச் சொல்லி, வரிக்கு வரி விரல் வைத்துப் பழகினேன். எனக்கு முதன்முதலில் முழுதாகப் படிக்க வந்த சொல் ‘தலைக்கவசம்’. இந்த நாட்டைப் பற்றி என்னிடம் குறைகளும் உண்டு. ஆனால் படிக்கத் தெரியாத என்னை மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவைக்காமல், கையில் புத்தகம் கொடுத்தது இது.

அந்த வீடியோ காலுக்கு மறுநாள் பள்ளிக்குப் போன் போட்டேன். பெரிய மிஸ் பேசினார். கனிஷ்காவுக்குப் படிக்க வரவில்லை என்றேன்.

“வீடியோ பாக்கலீங்களா சார்? சூப்பரா படிச்சாளே.”

“பாத்தேங்க. பக்கமே திருப்பல.”

அப்புறம், “சார், நீங்க எத்தனாவது படிச்சிருக்கீங்க?”

“ஏழாவதுங்க.”

“அப்ப படிப்ப எங்ககிட்ட விடுங்க. நீங்க உங்க வேலையப் பாருங்க.”

இதற்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று அடுத்த ஒரு வாரம் சாரத்தின் மேல் நின்று யோசித்தேன். ஒவ்வொரு நாளும் ஒரு புது பதில் வந்தது. போனில் அன்றைக்கு நான் சொன்னது, “சரிங்க மிஸ்.”

ரேவதியிடம் பள்ளியை மாற்றலாம் என்றேன். உள்ளூரிலேயே அரசுப் பள்ளி இருக்கிறது. அங்கே இருக்கும் டீச்சர் பிள்ளைகளை ஒவ்வொன்றாக உட்கார வைத்துப் படிக்க வைக்கிறார் என்று ரேவதியே ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அவள் கேட்கவே மாட்டேன் என்றாள்.

“ஏங்க, நம்ம தெருவுல ‘வேன் நிக்கிற வூடு’ன்னாதான் நம்ம வூடு தெரியும். சிங்கப்பூர்ல புருசன வச்சிக்கிட்டு கவுருமெண்டு ஸ்கூலுக்கு அனுப்பறான்னு சிரிப்பாளுங்க.”

“நீ வேனப் படிக்க வைக்கிறியா, புள்ளயப் படிக்க வைக்கிறியா?”

“நல்லா பேசுறீங்க. நீங்க வந்து இருந்து பேசுங்க.”

வெளிநாட்டில் இருப்பவனுக்கு எந்தச் சண்டையிலும் கடைசி வார்த்தை கிடையாது.

சரி, நானே சொல்லித் தருகிறேன் என்று இறங்கினேன். சுதாகர் ஒரு ஆப் இறக்கிக் கொடுத்தான். ஒரு பச்சைக்கிளி வந்து எழுத்தைச் சொல்லும், பிள்ளை சரியான எழுத்தைத் தொட்டால் கிளி கைதட்டி “சூப்பர்!” என்று கத்தும். பத்தே நாளில் கனிஷ்கா எல்லாப் படியும் தாண்டிவிட்டாள் என்று கிளி எனக்குச் செய்தி அனுப்பியது. எனக்குச் சந்தேகம். ரேவதியைப் பின்னால் நின்று பார்க்கச் சொன்னேன். பிள்ளை நாலு கட்டத்தையும் வரிசையாகத் தட்டுகிறது. எது சரியோ அதில் கிளி கத்துகிறது. கிளிக்குக் கைதட்டத்தான் தெரியும். அந்தப் பள்ளிக்கூடத்தை அப்படியே சின்னதாக்கிப் போனுக்குள் வைத்த மாதிரி இருந்தது. போனைத் தூக்கி அடிக்கலாம் போல ஆத்திரம். ஆனால் அதே போன்தான் என் பிள்ளையின் முகம்.

அப்போதுதான் பலகைகள் ஞாபகம் வந்தன. கனிஷ்கா படத்தைப் பார்த்துத்தான் ஊகிக்கிறாள். பலகையிலும் படம் இருக்கும். அதனால் வேலை முடிந்து கிளம்பும்போது, படத்தின் மேல் என் கையுறையை வைத்து மறைத்துக்கொண்டு, தமிழ் வரியை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பினேன். முதல் இரண்டு நாள் பதிலே இல்லை. மூன்றாம் நாள் ஒரு வாய்ஸ் மெசேஜ்: “அப்பா, ஒன் கையுறை கிழிஞ்சிருக்கு.” அவ்வளவுதான். படிக்கவில்லை, ஆனால் பார்த்திருக்கிறாள். நான் ஒரு எழுத்தை மட்டும் பெரிதாக எடுத்து அனுப்பினேன். மறுநாள் இன்னொன்று. எனக்கே சில எழுத்தில் சந்தேகம் வரும், சுதாகரைக் கேட்டுக்கொள்வேன். அவளுடைய பதில்களை, காலையில் வேலைக்கு ஏற்றிப்போகும் லாரியில் உட்கார்ந்து, ஆளுக்கொரு காதில் இயர்போனை வைத்துக்கொண்டு நானும் அவனும் கேட்போம். அவள் திணறுவாள். நடுவில் கோழியை விரட்டுவாள். ஒருமுறை “போப்பா, எனக்கு வரல” என்று அழுதாள். அந்த அழுகையைத்தான் நான் அதிகம் நம்பினேன். கிளியிடம் அவள் ஒருநாளும் அழுததில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு விளையாட்டு வைத்துக்கொண்டோம். நான் வீடியோ காலில் பின்பக்க கேமராவைத் திருப்பிக்கொண்டு ரோட்டில் நடப்பேன். எதிரே தமிழ் எழுதிய பலகை வந்தால் நின்றுவிடுவேன். அவள் படித்துச் சொன்னால்தான் அடுத்த அடி. தப்பாகச் சொன்னால் அவள் சொன்னபடியே தப்பாகப் போவேன். ஒருமுறை அவள் ஊகத்தை நம்பி ஒரு கட்டடத்தின் குப்பை அறைக்குள் போய் நின்றேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “எங்கப்பாவுக்கு வழியே தெரியலம்மா!” என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். ரேவதியும் வந்து எட்டிப் பார்த்தாள். பிள்ளைக்கு அது பிடித்துப்போனது. அவள் படிக்காவிட்டால் அப்பா நடுரோட்டில் நிற்பான். என் கால் அவள் வாய்ச்சொல்லில் இருந்தது.

ஒரு ஞாயிறு காலை, கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கும் ஒரு இடத்தின் தகர வேலியோரம் நடந்துகொண்டிருந்தேன். வழியில் இதுவரை அனுப்பாத ஒரு பலகை, மூன்று வரி. நின்றேன். கனிஷ்கா எழுத்துக்கூட்ட ஆரம்பித்தாள். மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு சீன ஆபீசர் உள்ளேயிருந்து வேகமாக வந்தார்.

“ஏய், யூ! ஒய் டேக் வீடியோ? ஹூ சென்ட் யூ?”

“நோ வீடியோ, சார். டாட்டர். ரீடிங்.”

“வாட் ரீடிங்? யூ கம்ப்ளைன் அஸ், இஸ் இட்? டெலிட்!”

“நோ கம்ப்ளைன். போர்டு ரீடிங். ஸ்கூல்.”

“திஸ் நாட் ஸ்கூல் லா! கோ, கோ!”

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் அத்தோடு தீர்ந்தது. வேலை பர்மிட்டைக் கேட்பாரா, என் கம்பெனிக்குச் சொல்வாரா, ஊருக்கு அனுப்பிவிடுவார்களா என்று மனம் எங்கெங்கோ ஓடியது. போனுக்குள்ளிருந்து சத்தமாக ஒரு குரல் வந்தது.

“தலைக்…கவசம்… இல்லா…மல்… உள்ளே… அப்பா, உள்ள போவாத! நீ ஹெல்மெட்டு போடல! அதான் அவரு திட்டுறாரு!”

அவளுக்குப் படம் எதுவும் தெரிந்திருக்காது. கோணலாகப் பிடித்த போனில் எழுத்து மட்டும்தான் தெரிந்திருக்கும். புதுப் பலகை. மனப்பாடம் பண்ண வழியில்லை. அவர் இன்னும் திட்டிக்கொண்டிருந்தார், நான் “தேங்க் யூ சார், தேங்க் யூ சார்” என்று சொல்லிக்கொண்டே பின்னால் நகர்ந்தேன். அவருக்கு நான் கிண்டல் பண்ணுகிற மாதிரி இருந்திருக்கும்.

“அப்பா, அவரு ஒன்னோட வாத்தியாரா?” என்றாள் கனிஷ்கா.

“இல்ல பாப்பா. வாத்தியாருங்க இவ்ளோ கவலப்பட மாட்டாங்க.”

ஆண்டு விழாவுக்கு முன்னால் பள்ளியில் மறுபடி வீடியோ எடுத்தார்கள். அதே கதைப் புத்தகத்தின் தமிழ்ப் பதிப்பு. ஒரு பக்கத்தைக் கொடுத்து, மனப்பாடம் பண்ணிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். கனிஷ்கா அந்தப் பக்கத்தை முடித்ததும், தானாகவே அடுத்த பக்கத்தைத் திருப்பி, மெதுவாக, திக்கித் திணறி வாசிக்கத் தொடங்கியிருக்கிறாள். மிஸ் கேமராவை நிறுத்திவிட்டு, “இவ்ளோ ஸ்லோவா படிச்சா யாரு பாப்பாங்க?” என்று வேறு ஒரு பிள்ளையை நிற்க வைத்துவிட்டார். அந்தப் பிள்ளை கடகடவென்று சொன்னது. பக்கம் திருப்பவில்லை. அந்த வீடியோவும் எனக்கு வந்தது, பூப்போட்ட எழுத்தோடு. இதோ இன்னும் என் போனில் இருக்கிறது. அந்தப் பிள்ளையின் அப்பா எந்த நாட்டில் உட்கார்ந்து யார் யாருக்கெல்லாம் அதைக் காட்டிக்கொண்டிருக்கிறாரோ.

உண்மையாக முதல்முதலாகப் படித்த பிள்ளையை ஓரமாக நிறுத்தினார்கள். அரிசி மூட்டை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். டைல்ஸ் போட்டு, ஏசி வைத்து, அதே வேலையைச் செய்கிறார்கள். என் வாத்தியாருக்காவது ஆய்வுக்கு வரும் அதிகாரியிடம் பயம் இருந்தது. இவர்களுக்கு யாரிடம் பயம்? எங்களிடமா? இங்கிலீஷ் தெரியாத, ஏழாவது படித்த, மூன்று வருடத்துக்கு ஒருமுறை வந்துபோகும் எங்களிடமா?

இந்த வீடியோ எடுத்த கதையை ரேவதிதான் போனில் சொன்னாள். வகுப்பு வாசலிலேயே நின்று பார்த்திருக்கிறாள். சொல்லும்போது அவள் குரலில் நான் கல்யாணமான நாளிலிருந்து கேட்காத ஒரு கோபம். வருடம் முடிந்ததும் ஒரு நாள் அவளாகவே கூப்பிட்டாள்.

“ஏங்க, இனிமே வேன் வராது. டீசி வாங்கிட்டேன்.”

“தெருவுல என்ன சொல்லுவாங்க?”

“சொல்லட்டும். பலக படிக்கிற வூடுன்னு சொல்லட்டும்.”

இப்போது கனிஷ்கா உள்ளூர்ப் பள்ளிக்கு நடந்து போகிறாள். இன்னும் மெதுவாகத்தான் படிக்கிறாள். எனக்குக் கவலை தீரவில்லை, அது தீராது. ஆனால் பக்கம் திருப்புகிறாள்.

போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு போட்டோ வந்தது. எங்கள் குரும்பலூர் வீட்டு வாசல் கதவு. சாக்பீஸால் கோணல்மாணலாக எழுதியிருக்கிறாள்: ‘அபாயம். அனுமதி இல்லாதவர்கள் உள்ளே வராதீர்கள். தலைக்கவசம் அணியவும்.’ கீழே கூடவே ஒரு கோழிப் படம். நான் கட்டின வீடு. நான் நிறுத்திய கதவு. கூப்பிட்டேன்.

“இது யாரு எழுதச் சொன்னது?”

“நானாத்தான் எழுதுனேன்.”

“அனுமதி யாரு குடுக்கணும்?”

“நாந்தான்.”

“அப்பா உள்ள வரலாமா?”

கொஞ்சம் யோசித்தாள். நடிப்பில்லை, நிஜமாக யோசித்தாள்.

“ஹெல்மெட்டு போட்டுட்டு வா.”

என் முதுகுக்குப் பின்னால் வேலியில் அதே வாசகம் நான்கு மொழிகளில் தொங்கிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு நேரம் முடிந்ததற்கு விசில் ஊதினார்கள். தலையைத் தொட்டுப் பார்த்தேன். ஹெல்மெட் தலையில்தான் இருந்தது. கதவுதான் குரும்பலூரில் இருந்தது.